முன்னாளும் மேனாளும்

ஜன்னலோரம் நீங்களே இருங்கள் சார். எனக்கு எதிர்காற்று ஒத்துக்கொள்வதில்லை. பையும் மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் வாழைப்பழம் நசுங்கிவிடும். பழம் நசுங்கினால்கூடப் போகிறது, பக்கத்தில் ஒரு அழைப்பிதழ் இருக்கிறது. அது கசங்கக்கூடாது.

நான் புலிவலத்தில் இறங்க வேண்டும். நீங்கள் துறையூரா? நல்லதாகப் போயிற்று. கண்ணசந்துவிட்டால் எழுப்பிவிடுங்கள். காலையில் கிளம்பினவன், இது இரண்டாவது பேருந்து.

கல்யாணப் பத்திரிகை இல்லை சார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் பழக்கடைக்காரர்கூட "மகளுக்கா?" என்றார். எனக்கு மகள் இல்லை. ஒரே பையன், நியூசிலாந்தில், ஆக்லாந்தில் படிக்கிறான். இது பல்கலைக்கழக முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுவிழா அழைப்பிதழ். நான் தலைவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தலைவர். அன்றைக்கு ஒப்படைத்துவிடுகிறேன்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். தெற்கே ஒன்று. அதற்கு இருக்கிற கஷ்டம் போதும்.

ஒரு சங்கத்து அழைப்பிதழைப் பழத்தோடு இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போவார்களா என்று தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. மற்றவர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில்தான் அனுப்பினோம். இவன் ஒருத்தனுக்குத்தான் நேரில். மாசிலாமணி என்று பெயர். விடுதியில் என் அறைத்தோழன். நான் கணிதம், அவன் தமிழ். ஒரு வருடமாக என்னோடு பேசுவதில்லை. இன்றைக்குப் போய் நின்றால் பேசுவானா, மாட்டானா, அது தெரியாது. காலையிலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு வார்த்தை. கெட்ட வார்த்தை இல்லை சார், அகராதியில் இருக்கிற வார்த்தை.

இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

இருபது வருடம் அந்த ஆக்லாந்தில் இருந்துவிட்டுத் திரும்பினவன் நான். திரும்பி வந்தவனுக்கு ஒரு சிக்கல் உண்டு. பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்ப வந்தீங்க?" என்பார்கள். வந்து வருடக்கணக்கில் ஆன பிறகும் அதையேதான் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "எப்பத் திரும்பப் போறீங்க?" மளிகைக்கடையில் கேட்பார்கள், வங்கியில் கேட்பார்கள், சொந்தச் சித்தப்பா கேட்பார். சங்கத்துக் கூட்டத்தில் மட்டும்தான் யாரும் அதைக் கேட்கவில்லை. "எந்த வருஷம் முடிச்சீங்க?" என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

சும்மா எட்டிப் பார்க்கப் போன கூட்டம் அது. புதுத் தலைவர் வேண்டும் என்றார்கள், எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மாசிதான் என் கையைப் பிடித்துத் தூக்கினான். "நம்ம தயாளன் இருக்கான். ரெண்டு பாஷையும் வரும். முக்கியமா அவனுக்கு வேற வேலை இல்லை" என்றான். கைதட்டினார்கள். அப்படித்தான் சார் ஆனேன். ஆசைப்பட்டு ஆகவில்லை. அதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

தலைவர் வேலை என்றால் என்ன நினைத்தீர்கள்? ஒருவருக்கு அண்ணன் மகளுக்கு விடுதியில் இடம் வேண்டும். ஒருவருக்கு மதிப்பெண் சான்றிதழ் தொலைந்துவிட்டது, நான் போய் வாங்கி டல்லாஸுக்கு அனுப்ப வேண்டும். குழுவில் காலை வணக்கப் படம் போடக்கூடாது என்று ஒரு அறிவிப்பு போட்டேன். அதற்கு நாற்பது பேர் காலை வணக்கத்தோடு நன்றி சொன்னார்கள். வருடா வருடம் மரக்கன்று நடுவோம். நூலகத்துக்குப் பின்னால், ஒரே குழி. போன வருடம் நட்டது செத்திருக்கும், அதைப் பிடுங்கிப்போட்டுவிட்டு அதே குழியில் புதுசு. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. படம் மட்டும் நன்றாக வரும்.

பொன்னாடை ஒன்று. நான் ஒருவருக்குப் போர்த்தினேன், பச்சைக் கரை, ஓரத்தில் ஒரு மஞ்சள் கறை. சில மாதம் கழித்து வேறொரு விழாவில் எனக்கு ஒன்று போர்த்தினார்கள். அதே பச்சைக் கரை, அதே மஞ்சள் கறை. என் மனைவி சுபா அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, உங்களைவிட நிறைய ஊர் பார்த்திருக்கு" என்றாள்.

அப்புறம் மேடை. தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்துரை யார். முன்னிலை என்றால் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பது, உங்களுக்குத் தெரியாததா? அதற்கும் சண்டை. "என் ஜூனியர் தலைமை, நான் முன்னிலையா?" என்று ஒருவர் விழாவன்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். இந்த மாதிரி இடத்திலெல்லாம் எனக்கு வாய் வராது. பத்தாவது வரை தமிழில் படித்தேன், அப்புறம் எல்லாம் ஆங்கிலம். பேச்சு இரண்டிலும் வரும், கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவேன். அங்கே போனால் எதிராளி "இது ஆக்லாந்து இல்லை சார்" என்பார். மாசிதான் நடுவில் வருவான். "அண்ணே, பேசறவன்தான் மாட்டிக்குவான், நீங்க கம்பீரமா உக்காருங்கண்ணே" என்பான். உட்கார்ந்துவிடுவார்கள்.

அச்சுக்குப் போகிற எதையும் அவன் பார்த்துக் கொடுத்த பிறகுதான் விடுவோம். முதல் வருடம் அவனிடம் காட்டாமல் அடித்த ஒரு அழைப்பிதழில் நன்றியுரை என்பதற்கு 'நன்றியுறை' என்று வந்துவிட்டது, வல்லின ற போட்டு. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன்டா தயா, நன்றியை உறையில போட்டு ஒட்டிக் குடுக்கறீங்களா?" என்றான். விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் அவனும்தான். மற்றவர்களுக்கு என்ன பிழை என்றே தெரியவில்லை.

மண்ணச்சநல்லூர் தாண்டிவிட்டோமா? சரி.

மாசி அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்தான். பெயர்தான் கௌரவம். நிரந்தரம் கிடையாது. வருடா வருடம் ஜூன் மாதம் கூப்பிடுவார்கள், பத்துப் பதினைந்து வருடமாக அப்படித்தான். போன வருடம் ஜூனில் கூப்பிடவில்லை. எனக்கு வருத்தம்தான். "விடுடா, வேற எங்கயாவது கிடைக்கும்" என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? தலைவர் என்ற முறையில் துணைவேந்தரிடம் பேசியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். சங்கம் நிர்வாகத்தில் தலையிடக்கூடாது சார், அது விதி. அவனும் கேட்கவில்லை.

ஜூலையில் ஒருநாள் இரண்டு பேரும் என் காரில் பல்கலைக்கழகம் போனோம். வாசலில் புதுக் காவலர்.

"நீங்க யாரு சார்?"

"தமிழ்த்துறை. கௌரவ விரிவுரையாளர்" என்றான் மாசி. பழக்கத்தில் வந்துவிட்டது.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "உங்க பேரு இல்லையே சார்."

"போன மாசம் வரைக்கும் இருந்தேன்."

"அப்ப முன்னாள்னு சொல்லுங்க சார்."

மரியாதையாகத்தான் சொன்னார். உள்ளேயும் விட்டார். மாசி அலுவலகக் கட்டடம் வரைக்கும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். இதை எதற்குச் சொல்ல வந்தேன்? மறந்துவிட்டது. ஆமாம், செயற்குழுக் கூட்டம். அதற்குத்தான் அன்றைக்குப் போனோம்.

சங்கத்துக்கு ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். நான் அலைந்து வாங்கியது. வாசலில் கருங்கல் பலகை வைப்பதாக முடிவு. 'முன்னாள் மாணவர் சங்கம்' என்று எழுதி மாதிரி வந்திருந்தது. வடை வந்திருந்தது, எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள். மாசி அந்த மாதிரியைக் கையில் எடுத்தான்.

"கல்லுல வெட்டப்போறோம் தயா. முன்னாள் வேண்டாம், மேனாள்னு போடு."

"ரெண்டும் ஒண்ணுதானேடா."

"ஒண்ணுன்னா மேனாள்னே போடேன்."

பார்த்தீர்களா? தமிழ் படித்தவர்களோடு இதுதான் தொல்லை.

"அப்படி இல்லடா, பதிவான பேரு முன்னாள்னுதான் இருக்கு" என்றேன்.

"முன்னாள்னா பதவி போனவன் தயா. முன்னாள் அமைச்சர், முன்னாள் மேயர். இறக்கிவிட்டவனைச் சொல்ற வார்த்தை. மேனாள்னா ஒரு காலத்துல இருந்தவன், அவ்வளவுதான். படிச்சவனை யாருடா இறக்கிவிட முடியும்?"

அகராதி அப்படியெல்லாம் பிரிக்கவில்லை சார், அப்புறம் நான் தேடிப் பார்த்தேன். அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. எங்கள் செயலாளர் பெனடிக்ட், நல்ல மனிதர், அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை வைத்திருக்கிறார். அவர் வடையை வைத்துவிட்டு, "மேனாள்னா மேல போன நாளா சார்? அப்ப நாமெல்லாம் காலமானவங்க சங்கமா?" என்றார்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன். இதில் என்ன இருக்கிறது? நீங்களும் இப்போது சிரித்தீர்கள்தானே. மாசி மட்டும் சிரிக்கவில்லை. மாதிரியை மேஜைமேல் வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான்.

சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். ஆக்லாந்தில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். குப்பைத்தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்பதைக்கூட ஓட்டுக்கு விடுவோம். முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து தேநீர் குடிப்போம். யார் மனமும் புண்படாது. அதே மாதிரி நானும் அன்றைக்குச் சாயங்காலம் வாட்ஸப் குழுவில் ஓட்டுக்கு விட்டேன். முன்னாளா, மேனாளா, ஒன்றைத் தொடுங்கள். அதில் யார் எதைத் தொட்டார்கள் என்று பெயரோடு தெரியும், ஒளிவுமறைவு கிடையாது. அதனால்தான் அந்த முறையே எனக்குப் பிடிக்கும்.

முன்னாள் கடகடவென்று ஏறியது. சிலர் என்ன கேள்வி என்றே படித்திருக்க மாட்டார்கள், மேலே இருப்பதைத் தொட்டிருப்பார்கள். மாசியிடம் படித்த பையன்கள், பெண்கள், அவர்களும் முன்னாளைத்தான் தொட்டார்கள். மேனாளுக்கு ஒரே ஒரு ஓட்டு. பக்கத்தில் அவன் படம், கழுத்தில் கர்சீப் கட்டிக்கொண்டு வகுப்பில் நிற்கிற படம். அதற்குக் கீழே யாரோ கைதட்டுகிற பொம்மை போட்டார்கள். எதற்குக் கைதட்டினார்களோ.

மறுநாள் விடிந்து பார்த்தால், 'மாசிலாமணி வெளியேறினார்.' என் போன் தமிழில் இருக்கிறது சார். தெளிவாகவே இருந்தது.

நான் ஓட்டுப் போடவில்லை. தலைவர் நடுநிலை. சுபாவிடம் இதைச் சொன்னேன். "நீங்க ஒண்ணு போட்டிருந்தா ரெண்டாயிருக்கும்" என்றாள். "ரெண்டு வந்தாலும் தோல்விதானேம்மா" என்றேன். "தோத்தாலும் ரெண்டு பேரு" என்றாள். அவள் எந்தச் சங்கத்திலும் இருந்ததில்லை, அவளுக்கு நடைமுறை தெரியாது. ஆனால் அதற்கப்புறம் இரவுச் சாப்பாட்டின்போது நான் சங்கத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

பலகை வைத்தாயிற்று. முன்னாள் மாணவர் சங்கம். நல்ல கல், மழையில் பளபளக்கும். மாசி வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு அவன் மனைவியின் ஊருக்கு வந்துவிட்டான் என்று வேறு யாரோ சொல்லித்தான் தெரியும். அதுதான் புலிவலம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறானாம்.

ஒரு வார்த்தைக்காக இவ்வளவா? நீங்களே சொல்லுங்கள். உலகத்தில் எவ்வளவு இருக்கிறது கவலைப்பட. நான் எத்தனையோ பேருக்கு ஓடியிருக்கிறேன், யாரும் நன்றி சொன்னதில்லை, நான் எதிர்பார்த்ததும் இல்லை. களைத்துப்போய்விட்டேன் சார். இந்த வருடம் பொறுப்பை விடப்போகிறேன் என்று கூட்டத்தில் சொன்னேன். "இன்னும் ஒரு வருஷம் இருங்க சார்" என்பார்கள், மறுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். பெனடிக்ட், "சாருக்கும் ஓய்வு வேணும்ல" என்றார். அடுத்த நிமிடம் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர், சொன்னேனே.

சங்கத்தின் விழா மலரும் இந்த வருடம் பிழையோடுதான் வந்திருக்கிறது. துணைவேந்தர் வாழ்த்துரையில் கால் ஒன்று கூடிப்போய் 'துணைவேந்தார்' ஆகிவிட்டார். யாருக்கும் கண்ணில் படவில்லை. எனக்குப் பட்டது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

அப்புறம்தான் இந்த அழைப்பிதழ் அச்சாகி வந்தது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். 'பொறுப்பு ஒப்படைப்பு: திரு. தயாளன், முன்னாள் தலைவர்.' ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை நான்தானே தலைவர்? அதற்குள் என்ன அவசரம்? பெனடிக்டைக் கூப்பிட்டேன்.

"என் பேருகிட்ட கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கே பெனடிக்ட்."

"இனிஷியல் விட்டுப்போச்சா சார்?"

"இல்ல, முன்னாள்னு போட்டிருக்கே."

"ஆமா சார், ஒப்படைக்கிறீங்கல்ல."

"வேற மாதிரி போட்டிருக்கலாம்."

"வேற எப்படி சார் போடறது?"

வாய் வரைக்கும் வந்தது சார். பெனடிக்ட் கேட்டது நியாயமான கேள்விதான். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மூன்று நாள் சரியாகத் தூக்கமில்லை. வயதாகிறதில்லையா, இரத்த அழுத்தமாக இருக்கும்.

போன வாரம் மாசி வீட்டுக்குப் போன் செய்தேன். அவன் எண்ணில் கூப்பிட்டால் எடுப்பதில்லை, அதனால் அவன் மனைவி எண்ணில். வளர்மதி என்று பெயர், பொறுமையான பெண்.

"அவரு பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்துட்டிருக்காருண்ணே."

"எப்பம்மா முடியும்?"

"முடியாதுண்ணே" என்றாள். அப்புறம் அவளே, "போன்ல வேண்டாம்ணே, நேர்ல வாங்க. வாசல் வரைக்கும் வந்தவங்களை யாருன்னு கேக்கற ஆளு இல்லை அவரு" என்றாள்.

அதனால்தான் பழம், பை, இரண்டு பேருந்து. கார் இருக்கிறது. காரில் போய் இறங்கினால் தலைவர் வந்த மாதிரி இருக்கும் என்று சுபா சொன்னாள். அது என்ன கணக்கோ.

திருவெள்ளறை வந்துவிட்டதா? அடுத்து நம்முடையதுதான். இருங்கள், எடுத்தே காட்டிவிடுகிறேன். ஓரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். இதோ, என் பெயருக்குப் பக்கத்தில். நீல மையில் தெரிகிறதா? 'முன்'னை அடித்துவிட்டு மேலே 'மே' போட்டிருக்கிறேன். மேனாள் தலைவர். வேறொன்றும் இல்லை சார், அச்சுப் பிழை. வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் திருத்தினேன். இந்த ஒரு பிரதியில் மட்டும்தான். மற்றவர்களுக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை.

கீழே பாருங்கள். 'நன்றியுறை.' மறுபடியும் அதே ற. அதை நான் திருத்தவில்லை. பார்க்காமல் இல்லை, பார்த்தேன். அது அப்படியே இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டு அவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. எனக்குத் தெரியும்.

எங்கே விரலை வைக்கிறீர்கள்? தலைப்பிலா? அது சங்கத்தின் பெயர் சார், முன்னாள் மாணவர் சங்கம், அப்படித்தான் இருக்கும். பதிவான பெயர். அதை மாற்றப் பொதுக்குழு கூட்ட வேண்டும், தீர்மானம் போட வேண்டும். கல்லில் வேறு வெட்டியாயிற்று. ஒரு தனி ஆள் பேனாவை எடுத்து மாற்றுகிற விஷயமா அது?

என் பெயருக்குப் பக்கத்தில் மாற்றினேனே என்கிறீர்களா. அதுதான் சொன்னேனே, அது அச்சுப் பிழை.

இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சரி.

நடத்துநர் குரல் கொடுக்கிறார், கேட்டீர்களா? "புலிவலம் எல்லாம் முன்னால வாங்க" என்கிறார். முன்னால்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. பையைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா?

சட்டைப் பையில் இருப்பது பேனாதானே? என் பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இல்லை, வேண்டாம். வண்டி இந்த ஆட்டம் ஆடுகிறது, எழுத்து கோணிக்கொள்ளும். கோணல் எழுத்தைப் பார்த்தால் முதலில் அதைத்தான் பிடிப்பான். "இருபது வருஷத்துல மே எழுதக்கூட மறந்துட்டியாடா?" என்பான்.

சொல்லட்டும். பேனாவைக் கொடுங்கள்.